எரியாச் சீலையைத் திருப்பிக் கேட்டவர்

அழகரெத்தினம் அண்ணனின் மரணச் செய்தி வந்தபோது நான் காத்தான்குடிச் சந்தையில் மீன்காரனோடு வாய்ச்சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். நேற்றைய மீனை இன்றைய மீன் என்று சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தான் அவன். அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. அண்ணனின் ஒரே மகள் மாலதி. "மாமா, அப்பா..." என்றாள். மீன்காரன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன காக்கா, ஆர் மௌத்து?" என்று தாழ்ந்த குரலில் கேட்டான். மீன் பையை அவனுடைய பலகையிலேயே விட்டுவிட்டு நடந்துவிட்டேன்.

எதிர்பார்த்த செய்திதான். கடைசி மாதங்களில் அவர் ஒரு வசனத்தை முடிப்பதற்கு நடுவில் இரண்டு தரம் மூச்சு வாங்கினார். எதிர்பார்த்த சாவு வலிக்காது என்று சிலர் சொல்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்களுக்கு இன்னும் யாரும் சாகவில்லை என்று நினைக்கிறேன். எனக்கு நன்றாகவே வலித்தது. இப்போதும் வலிக்கிறது.

முப்பத்தோராம் நாளுக்குப் போடுகிற நினைவு மலருக்கு எழுதித் தரும்படி மாலதி கேட்டாள். நான் எழுத்தாளன் இல்லை. கப்பலில் வயர் இழுத்த மனிதன். "பெரிசா ஒண்டும் வேணாம் மாமா. அப்பா கடைசி ரெண்டு வருசமும் ஏன் அப்பிடி ஊரூரா அலைஞ்சாரு எண்டு சனத்துக்குத் தெரியாது. அத எழுதுங்க" என்றாள். அதனால், மண்டூரில் அவரை அறிந்தவர்களே, அவரோடு கப்பல்தளத்தில் நின்று இன்னும் உயிரோடு இருக்கிற கூட்டாளிகளே, இது உங்களுக்கு.

மண்டூரார் அவரை வயல்காரராகவே அறிவீர்கள். வயல் வட்டையில் முதல் ஆளாக விதைப்பவர், கோயில் திருவிழாவுக்குப் பந்தல் கட்ட ஏணியோடு வருகிறவர். அதற்கு முன்னால் பல வருடங்கள் அவர் வளைகுடா நாடொன்றில் கப்பல்களைப் பழுது பார்க்கும் தளத்தில் இருந்தார். அங்கே வந்தவற்றில் பாதி போர்க்கப்பல்கள். பழைய கப்பல்கள், யாரோ கட்டி, யாரோ ஓட்டி, இன்னொருவர் கைக்கு மாறி வந்தவை. நானும் அங்கேதான் இருந்தேன். எங்கள் ஊர் வாவிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். இருந்தும் நாங்கள் முதன்முதலில் சந்தித்தது ஒரு போர்க்கப்பலின் வயிற்றுக்குள், கொதிகலன் அறையில்.

அந்த அறையில் ஆளை ஆள் தெரியாத அளவுக்கு வெள்ளைத் தூசி பறந்துகொண்டிருந்தது. நீராவிக் குழாய்களின் சூடு வெளியே போகாமல் இருக்க அவற்றைக் கல்நாரால் மூடியிருப்பார்கள். அஸ்பெஸ்டஸ் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். பழைய கல்நாரைச் சுத்தியலால் தட்டிப் பிய்த்து எறிந்துவிட்டு, புதிதாக வைத்து, மேலே கல்நார்ச் சீலையைச் சுற்றி, வளைந்த ஊசியால் தைப்பதுதான் அவருடைய வேலை. நான் ஏணியில் நின்று வயரை இழுத்துக்கொண்டிருந்தேன். கீழே ஒரு மனிதர் வாயையும் மூக்கையும் வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தார்.

மற்ற யாரும் அப்படிக் கட்டுவதில்லை. அந்தச் சூட்டில் கட்டினால் மூச்சு முட்டும். "ஏன் அண்ணன், எந்த ஊரு?" என்று தமிழில் கேட்டேன். "மண்டூர்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மண்டூர் முருகன் கோயிலில் வாயைக் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார்கள் என்பது வாவிக் கரையில் எல்லாச் சாதி சனத்துக்கும் தெரியும். "அதான் பாத்தன். பூசாரியக் கப்பல்ல ஏத்திட்டானுகள்" என்றேன். அவர் துணியை இறக்கிவிட்டு, "ஓம். நீயும் கட்டு. உன்ட வாய் மூடினா இஞ்ச எல்லாருக்கும் புண்ணியம்" என்றார். அன்றிலிருந்து தளம் முழுவதும் அவர் பெயர் பூசாரி. நான் கட்டவில்லை. அந்தத் துணி அந்தத் தூசியைத் தடுக்காது என்பது எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது. வாயைக் கட்டியவர் போய்விட்டார், கட்டாதவன் இன்னும் வாயடித்துக்கொண்டிருக்கிறேன். இதில் என்ன நியாயம் இருக்கிறது என்று யாரும் என்னிடம் கேட்க வேண்டாம்.

தூசியைப் பற்றி எங்களுக்குப் பயம் இருக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பையன்கள் ஈரக் கல்நாரை உருட்டி ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடுவார்கள். நானும் எறிந்திருக்கிறேன். தலைமயிர் வெள்ளையாகிவிடும், கிழவன் கிழவன் என்று சிரிப்போம். வேலை நன்றாக நடந்த நாள் என்றால் தூசி அதிகம் பறந்த நாள் என்றுதான் அர்த்தம்.

ஒரு கப்பலில் கொதிகலன் அறைச் சிப்பாய் ஒருவர் இருந்தார். எங்களை விட மூத்தவர், சிவந்த முகம். அவருடைய படுக்கைக்கு நேர் மேலே ஒரு பெரிய நீராவிக் குழாய் போயிற்று. கடலில் பீரங்கி சுடும்போதெல்லாம் கப்பல் அதிர்ந்து, மேலே உள்ள குழாயிலிருந்து தலையணையில் தூசி கொட்டும் என்றும், காலையில் அதைத் தட்டிவிட்டு எழும்புவது வழக்கம் என்றும் அரைகுறைச் சைகையில் சொன்னார். அண்ணன் அந்தக் குழாய்க்கு மட்டும் இரட்டைச் சீலை சுற்றி, நெருக்கி நெருக்கித் தைத்தார். மேற்பார்வையாளன் வந்து, எதற்கு இவ்வளவு நேரம் என்று கத்தினான். அவன் போன பிறகு நான் கேட்டேன். "பாவம், கீழ படுத்து எழும்புறவன். நாம பத்து நாள் இருந்திட்டுப் போயிருவம். அவனுக்கு இதுதான் வீடு" என்றார். அந்தச் சிப்பாய் எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்து தந்தார். அந்த மனிதரை அண்ணன் சாகும்வரை மறக்கவில்லை. தன் நோய் என்னவென்று தெரிந்த நாளில் முதலில் கேட்டதே, "அவன் இருக்கானோ தெரியாது, என்னடா?" என்றுதான்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது எல்லோரும் சென்ட் போத்தலும் சவர்க்காரமும் வாங்கினோம். அண்ணன் அவற்றோடு இன்னொரு பொருளும் கொண்டுபோனார். தைத்து மிஞ்சிய கல்நார்ச் சீலைத் துண்டுகள். அளவாக வெட்டி, ஓரம் அடித்து, சட்டி பானை இறக்கும் பிடிசீலையாகத் தைத்திருந்தார். எங்கள் பெண்கள் காலம் முழுவதும் பழைய சாரத் துண்டைப் பிடித்து விரலைச் சுட்டுக்கொள்கிறவர்கள். அவர்களுக்கு இதைவிட நல்ல சாமான் எது?

அதை அவர் கொடுத்த விதத்தைப் பூரணம் அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அண்ணனின் மனைவி அவர். அண்ணன் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு அக்கம் பக்கத்துப் பெண்கள் எல்லாம் முற்றத்தில் கூடியிருக்கிறார்கள். இவர் ஒரு சீலையை எடுத்து, எண்ணெய்க் கறையோடு எரிகிற அடுப்புக்குள் போட்டாராம். "ஐயோ, புதுச் சீலை!" என்று சத்தம். குறட்டால் வெளியே எடுத்தால் சீலை அப்படியே இருக்கிறது, கறை மட்டும் எரிந்துபோய் முன்பை விட வெள்ளையாக. அதன் பிறகு அவருக்கு நின்று பேசக்கூட நேரம் கிடைக்கவில்லையாம். எரியாச் சீலை என்று ஊர் அதற்குப் பெயர் வைத்தது. ஒவ்வொரு விடுமுறைக்கும் கேட்டு வாங்கினார்கள். பூரணம் அக்கா தன் பங்கைப் பல வருடம் பாவித்தார். அழுக்கானால் அடுப்பில் போட்டு எடுப்பார், பிறகு வாசலில் நின்று பட்பட்டென்று உதறுவார்.

எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். தமிழரிலும் அப்படி, முஸ்லிம்களான எங்களிலும் அப்படி. மகளுக்குக் கல்யாணம் என்றால் வீட்டையும் அடுப்படியையும் அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தாயார் ஒதுங்கிக்கொள்வார். அந்த அடுப்படிச் சாமான்களோடு எரியாச் சீலையும் தாயிடமிருந்து மகளுக்குப் போனது. சில வீடுகளில் மகள் வேறு ஊருக்குப் போனபோது அவளோடு பெட்டியில் ஏறிப் போனது. பழுதாகாத சாமானை யார் எறிவார்கள்? ஊரில் எங்கள் இரு சனமும் ஒருவரையொருவர் பார்க்கப் பயந்த காலம் ஒன்று வந்தது. அவரும் நானும் வெளிநாட்டில் மட்டும் சந்திக்க முடிந்த வருடங்கள் அவை. அதற்குள்ளும் அந்தச் சீலைகள் மட்டும் தங்கள் பாட்டில் வேலை செய்துகொண்டிருந்தன.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் அவருக்கு இருமலும் இளைப்பும் வந்தது. நெஞ்சுக்குள் நீர் கட்டியது, எடுத்தார்கள், மறுபடியும் கட்டியது. சயரோகம் என்று பார்த்தார்கள், இல்லை. போன இடமெல்லாம், என்ன தொழில் ஐயா என்று கேட்டார்கள். இவர் எல்லா இடத்திலும் "வயல்" என்றே சொல்லியிருக்கிறார். அது பொய்யும் இல்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வெளிநாட்டில் செய்ததை யாரும் தொழில் என்று சொல்ல மாட்டோம். "வெளிநாட்டில இருந்தன்" என்போம், அவ்வளவுதான். அங்கே கக்கூஸ் கழுவினானா, கப்பல் கட்டினானா என்று யாரும் கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. தொழில் என்றால் ஊரில் செய்வது. வயலென்று சொன்னதால் வைக்கோல் தூசியும் கிருமிநாசினியும்தான் எல்லோர் கண்ணுக்கும் பட்டன.

ஒருநாள் நான் அவரைக் கூட்டிக்கொண்டு பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். நெஞ்சு நோய்ப் பிரிவில் ஓர் இளம் பெண் டாக்டர். அவரும் அதே கேள்வியைக் கேட்டார். அண்ணன் "வயல்" என்று தொடங்க, எனக்குப் பொறுமை போய்விட்டது. "வயலும்தான். அதுக்கு முதல் இவரு போர்க்கப்பல்ல குழாய்க்குச் சட்டை தைச்சவரு டாக்டர். ஊருல இதவிட நல்ல தையல்காரன் இல்ல" என்று பகிடியாகச் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. பேனையைக் கீழே வைத்துவிட்டு, "என்ன சட்டை?" என்று கேட்டார்.

அதன் பிறகு நடந்த பரிசோதனைகளை நான் விவரிக்கப் போவதில்லை. கல்நார் இழை மூச்சோடு உள்ளே போய், நெஞ்சைச் சுற்றியிருக்கும் சவ்வில் குத்திக்கொண்டு, முப்பது நாற்பது வருடம் சும்மா இருந்துவிட்டுப் பிறகு புற்றாக எழும்புமாம். மாற்ற மருந்து இல்லை, வலிக்கும் இளைப்புக்கும் உண்டு. தொற்றாது என்பதை டாக்டர் இரண்டு தரம் சொன்னார். எனக்கும் படம் எடுத்தார்கள். என் நெஞ்சிலும் வெள்ளைத் தழும்புகள் இருக்கின்றன. அவை தழும்பாகவே இருந்துவிடவும் கூடும் என்றார்கள். அண்ணன் தன்னுடையதை அமைதியாகக் கேட்டார், என்னுடையதைக் கேட்டபோது மட்டும் என் கையைப் பிடித்தார். கடைசியில் டாக்டர், "வேலை உடுப்ப வீட்டுக்குக் கொண்டு வந்தீங்களா ஐயா? வீட்டில ஆரும் உதறித் துவைச்சாங்களா?" என்று கேட்டார். "இல்ல பிள்ள" என்றார் அண்ணன்.

வெளியே வந்து, என் மருமகனின் ஆட்டோவில் அவரை ஏற்றிக்கொண்டு நான் ஓட்டினேன். கல்லடிப் பாலம் தாண்டியதும், "உடுப்புக் கொண்டு வரல்ல. சீலை கொண்டு வந்தன்" என்றார். நான் ஆட்டோவை ஓரத்தில் நிறுத்திவிட்டேன்.

அன்றிலிருந்து அவர் தன் நோயைப் பற்றிக் கவலைப்பட்டதை நான் காணவில்லை. கொடுத்த சீலைகளையெல்லாம் திருப்பி எடுப்பது ஒன்றே அவருக்கு வேலை. கொடுத்தவனுக்கு இது எப்படிப்பட்ட அவமானம் என்று உங்களுக்குத் தெரியும். கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்கிறவனை எங்கள் ஊர்களில் மனிதனாகவே எடுக்க மாட்டார்கள். முதல் வீட்டில் நானும் நின்றேன். அந்தப் பெண் அண்ணனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கிழண்டினா இப்பிடியுமா புத்தி போகும்? நாப்பது வருசத்துக்கு முதல் தந்தத இப்ப வந்து கேக்கிறீங்க!" என்றார். அண்ணன் உண்மையைச் சொன்னார். அது நஞ்சு, நான் அறியாமல் தந்துவிட்டேன், உதறாதே, என்னிடம் கொடு என்றார். "எங்கட அம்மா தொண்ணூறு வயசு மட்டும் அதாலதான் சட்டி இறக்கினவ. அவக்கு ஒண்டும் ஆகல்லயே" என்று கதவைச் சாத்தினார் அந்தப் பெண்.

திரும்பி வரும்போது அவர் தலை குனிந்தே வந்தார். எனக்கு ஆத்திரம். "திருப்பிக் கேட்டாத்தான் அண்ணன் வெக்கம். மாத்திக் குடுங்களன்" என்றேன். அது அவருக்குப் பிடித்துக்கொண்டது. பழைய ஜீன்ஸையும் சாக்கையும் மடித்து, உள்ளே பஞ்சு வைத்து, அழகான பிடிசீலைகள் தைக்கத் தொடங்கினார். மூச்சுத் திணறினாலும் கை பிழைக்கவில்லை. புதியதை நீட்டிக்கொண்டு போனபோது கதவுகள் திறந்தன. முதலில் கதவைச் சாத்திய பெண்ணே மறுகா ஆளனுப்பிக் கூப்பிட்டார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்னபடி, பழைய சீலைமேல் முதலில் தண்ணீர் தெளித்து ஊறவைப்பார். பிறகு உதறாமல் எடுத்து இரட்டைப் பொலித்தீன் பைக்குள் கட்டுவார். யாராவது, வாங்க ஒரு தேத்தண்ணி குடிங்க என்றால், "செய்யிறதச் செஞ்சிட்டு மறுகா கதைப்பம்" என்பார். அது அவருடைய பழைய வாய்ப்பாடு, கப்பலிலும் அதைத்தான் சொல்வார்.

இதற்கிடையில் இன்னொரு கூத்து. யாராவது கூரை அஸ்பெஸ்டஸ் சீற்றை மெஷினால் உலர வெட்டுகிற சத்தம் கேட்டால், இளைக்க இளைக்க வாளித் தண்ணீரோடு ஓடுவார். நனைத்து வெட்டு, வாயைப் பொத்து என்று கத்துவார். வேலைக்காரப் பொடியன்கள் "வாளி ஐயா வாறாரு" என்று சிரிப்பார்கள், ஆனாலும் நனைத்து வெட்டப் பழகிவிட்டார்கள். இப்போதும் மண்டூரில் அப்படித்தான் வெட்டுகிறார்கள் என்று கேள்வி.

தன்னாமுனையில் ரீற்றா அக்கா என்று பூரணம் அக்காவின் பழைய சிநேகிதி. வீட்டுப் பின்புறம் போறணை அடுப்பு வைத்துக் கேக்கும் பணிசும் சுடுகிறவர். அவர் எரியாச் சீலையைத் தினமும் போறணை வாயில் பாவித்துக்கொண்டிருந்தார். புதியதைப் பார்த்துவிட்டு, "இது வடிவாத்தான் இருக்கு. ஆனா கருகிப் போயிருமே அண்ணன்" என்றார். "கருகட்டும் பிள்ள. கருகக் கருக நான் தைச்சுத் தாறன்" என்றார் அண்ணன். அதைச் சொல்லும்போது அவருக்கு எவ்வளவு காலம் மிச்சம் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ரீற்றா அக்காவுக்கும் விளங்கியிருக்க வேண்டும். உள்ளே போய்ச் சீலையை ஒரு வாளித் தண்ணீரில் போட்டே எடுத்துவந்தார்.

வாகரைக்கும் போனோம். அங்கே வாழ்க்கைப்பட்டுப் போன ஒரு மண்டூர்ப் பெண்ணைத் தேடி, பஸ்ஸில். நல்ல வெயில், அவருக்கு ஏலாத நாள். அந்தப் பெண் எங்களை உட்காரவைத்து இளநீர் வெட்டித் தந்துவிட்டு, சீலையா என்று யோசித்தார். "அது அந்த வீட்டோட போயிற்று மாமா. சுனாமிக்கு ஒரு கரண்டிகூட மிஞ்சல்ல" என்றார். அண்ணன் கடலைப் பார்த்தார். "எனக்கு முன்னமே வந்து வாங்கிட்டுப் போயிற்று" என்றார். பிறகு அந்தப் பெண்ணின் தலையில் கை வைத்தார். கொண்டுவந்த புதுப் பிடிசீலையைத் திருப்பிக் கொண்டுபோகவில்லை, கொடுத்துவிட்டே வந்தார்.

இப்படி எல்லாரிடமும் வெற்றி பெற்றவர் ஒருவரிடம் மட்டும் தோற்றார். அது பூரணம் அக்கா. அந்தச் சீலைகளை ஊரில் அதிகம் உதறியவர் அவர்தான். அக்காவுக்கும் ஒரு படம் எடுத்துப் பார்ப்பது நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணன் தினமும் கேட்பார். அக்காவோ இன்றைக்கு வெள்ளாமை வெட்டு, நாளைக்குக் கோயில் கொடியேற்றம், மறுநாள் கால் உளைவு என்று தட்டிக்கழிப்பார். "எனக்கு என்ன? கல்லுப் போல இருக்கன்" என்பார். ஒருமுறை அண்ணன் அவரிடம் கத்தினார். எத்தனையோ வருடப் பழக்கத்தில் அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரே தரம்தான். கத்தி முடிக்கவும் மூச்சு இல்லாமல், கட்டிலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். அக்கா முதுகைத் தடவிவிட்டார், ஆனால் வருகிறேன் என்று சொல்லவில்லை.

எனக்குக் கோபம். அடுப்படிக்குப் போய், "ஏன் கா இந்தப் பிடிவாதம்? ஒரு படம்தானே?" என்று கேட்டேன். அக்கா தேங்காய் துருவிக்கொண்டே சொன்னார்: "படத்துல ஏதாச்சும் இருந்தா அவருக்கிட்ட மறைக்க ஏலாது காக்கா. என்ட மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருவாரு. தன்ட நோவோட, என்னையும் தான்தான் கொன்னுபோட்டன் எண்டு நினைச்சிட்டுப் போகணுமா? தெரியாம இருக்கட்டும். அவரு போன பொறகு எடுக்கிறன்." இதை அவரிடம் சொல்லிவிடாதே என்று அக்கா சொல்லவில்லை. ஆனாலும் நான் அவரிடம் சொல்லவில்லை.

இறப்பதற்குச் சில நாட்கள் முன்னால், குருமண்வெளித் துறையில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து அவரைப் பார்க்கப் போனேன். முகத்தில் ஒக்சிசன் குழாய். சீலைகள் அநேகமாக எல்லாம் சேர்ந்துவிட்டன. நான் அதைச் சொல்லிச் சந்தோஷப்படுத்தப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, "எல்லார்ட வீட்டுக்கும் போனன். என்ட வீட்டுக்குள்ளதான் போக ஏலாமக் கிடக்கு" என்றார். பிறகு, "நீ அவளக் கூட்டிட்டுப் போ" என்றார். கட்டாயம் கூட்டிப் போவேன் என்று வாக்குக் கொடுத்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றிருந்தார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார். முப்பத்தொன்று முடியாமல் வாசல் தாண்டக் கூடாது என்று சொந்தக்காரர் தடுத்திருக்கிறார்கள். "வாங்க காக்கா, போவம்" என்று மட்டும் சொன்னார். மாலதியும் நானும் கூட்டிப் போனோம். அதே டாக்டர். படத்தை வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார், மற்றப் பரிசோதனைகளையும் செய்வித்தார். கடைசியில், "நெஞ்சு சுத்தமா இருக்கு அம்மா. இப்போதைக்கு ஒண்டும் இல்ல. எதுக்கும் வருசா வருசம் வந்து காட்டுங்க" என்றார்.

நான் அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். மாலதி தாயைக் கட்டிப்பிடித்தாள். அக்கா வெளி விறாந்தைக்கு வந்து, வாங்கில் உட்கார்ந்தார். என் பக்கம் கிறுகி, "இத அண்டைக்கே எடுத்திருந்தா, அவரு கேட்டுட்டுப் போயிருப்பாரே காக்கா" என்றார். செத்தவீட்டில்கூட அழாத மனுசி. அந்த விறாந்தையில், அத்தனை சனத்துக்கு முன்னால், விம்மி விம்மி அழுதார்.

பாதையில் வாவியைக் கடந்து வரும்போது அக்கா சொன்னார்: "பொம்பிளையள் அங்க போறல்ல. நீங்க போய் அவருக்கிட்டச் சொல்லிட்டு வாங்க." நான் இடுகாட்டுக்குப் போனேன். அடக்கம் பண்ணிய மண் இன்னும் காயவில்லை. செத்தவர்களோடு பேசுவது எனக்குப் பழக்கம் இல்லாத காரியம். சுற்றிப் பார்த்தேன், யாரும் இல்லை. "அண்ணன், அக்காக்கு ஒண்டும் இல்ல. நெஞ்சு சுத்தமா இரிக்கு. டாக்டர் சொன்னத நான் என்ட காதால கேட்டன்" என்றேன்.

அவரை அறிந்தவர்கள் அவருடைய கைத்தையலை வைத்திருப்பீர்கள், பகிடிகளை வைத்திருப்பீர்கள். என்னிடம் இருப்பது அந்தச் செய்தி. அவர் காத்திருந்தது அதற்காகத்தான். போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், இருந்தும் அது இன்னும் என்னிடமே இருக்கிறது.